மிதிபட்ட காலும் அறுந்த இழையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நண்பனின் காலை நான்கு முறை மிதித்தேன். தெரியாமல் இல்லை... வேண்டுமென்றேதான். மிதிக்கச் சொன்னது அவனைப் பெற்ற தாய்!

நண்பன் பெயர் முனிரத்தினம். திருத்தணியில் எங்கள் தெருக்காரன். இரண்டு பேர் வீட்டிலும் தறி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது மணவூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை. பீடி, சிகரெட் கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு குறைதான் — கண்ணெதிரே ஒரு தப்பு இருந்தால் அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது.

இந்த ஒரு குறையால் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயின. முதல் வீட்டில் பெண்ணின் வயதைச் சொன்னார்கள். பேச்சுவாக்கில் அவள் தம்பியின் வயதையும் சொல்லிவிட்டார்கள். இவன் மனக்கணக்குப் போட்டு, "அப்படின்னா அக்காவுக்கும் தம்பிக்கும் நாலு மாசம்தான் வித்தியாசம் வருதுங்களே?" என்றான். காபி வருவதற்குள் கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது வீட்டில் தாம்பூலத் தட்டையே கையில் எடுத்துவிட்டார்கள். இவன் சுவரைப் பார்த்தான். "உங்க கடிகாரம் பதினோரு நிமிஷம் ஃபாஸ்ட். ராகுகாலம் இன்னும் முடியல." தட்டு கீழே போனது. மறுபடி மேலே வரவே இல்லை.

மூன்றாவது இடம் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில். பஸ் ஏறும்போதே அவன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீதான் அவன் பக்கத்துல குந்திக்கணும். வாயைத் தொறந்தான்னா காலை மெதி. இதுவும் போச்சுன்னா நான் எந்த மொகத்த வெச்சிக்கினு மலையேறி முருகனைப் பார்ப்பேன், சொல்லு?"

ஏன் என்னைப் பிடித்தார்? நான் அவனுக்கு நேர் எதிர். யார் மனமும் கோணாமல் தலையாட்டுகிற ஜாதி!

மூன்றாம் வகுப்பில் நடந்தது இது. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, ஐந்தைந்து படியாக ஏறினால் எத்தனை தடவை என்று ஒரு கணக்கு. வாத்தியார் போர்டில் அறுபத்து மூன்று என்று எழுதினார். முனிரத்தினம் எழுந்து நின்றான். "சார், தப்பு. எழுபத்து மூணு."

வாத்தியார் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். "வேற யாருக்காச்சும் எழுபத்து மூணு வந்துச்சா?"

எனக்கு வந்திருந்தது. எச்சில் தொட்டு சிலேட்டை அழித்துவிட்டேன். அடி அவனுக்கு மட்டும் விழுந்தது.

சரி, பெண் வீட்டுக்கு வருவோம். கூடத்திலேயே தறி. அதில் பாதி நெய்த கட்டம் போட்ட லுங்கி. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "தம்பி இன்னா படிச்சிருக்குது?" என்றார்.

"பி.ஏ.ங்க." எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இது எம் பொண்ணு கோமளா நெய்யறதுங்க. எப்படி இருக்குது?"

பார்த்தேன். சிவப்பு நாலிழை ஓட வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. ஓர் இழை அறுந்து தொங்கியது. முடிச்சுப் போடாமல் நெய்தால் லுங்கி நெடுகக் கோடு விழும். தறிக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா?

"அருமைங்க," என்றேன்.

பக்கத்தில் முனிரத்தினம் பேச மூச்சை இழுக்கும் சத்தம். மிதித்தேன். இன்னொரு மூச்சு. மிதித்தேன். "மாமா..." அழுத்தி மிதித்தேன். "மாமா, சிவப்புல ஓர் இழை அறுந்து கெடக்குது."

நாலாவது மிதி வீண். பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. முனிரத்தினத்தின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். முருகா, இதுவும் போயிற்று!

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஒண்ணு இல்லீங்க. ரெண்டு."

காபித் தட்டோடு பெண் நின்றிருந்தாள். "பக்கத்துக் கட்டத்தையும் பாருங்க. காலையில அறுந்துச்சு. முடி போடறதுக்குள்ள, 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துகினு இருக்காங்க, போய்ப் புடவை மாத்து'ன்னு நைனாதான் எழுப்பி உட்டாரு."

முனிரத்தினம் எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆங்... ரெண்டுதான்."

அவன் வாயால் தன் தப்பை ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்களும் தறிக்கார வூடுதானே? உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க..."

"அப்புறம் எதுக்கு அருமைன்னீங்க? அவர் காலை வேற மெதிச்சிக்கினு இருந்தீங்க?"

தட்டிலிருந்து காபியை எடுத்துக் குடித்தேன். பெண்ணின் அம்மா உள்ளேயிருந்து, "காபி நல்லா இருக்குதா தம்பி?" என்றார்.

"அருமைங்க."

"சர்க்கரை போடலீங்க," என்றான் முனிரத்தினம்.

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். "எம் பொண்ணும் சின்ன வயசிலேர்ந்து இப்படித்தாங்க. டீச்சரம்மா தேதியைத் தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லப் போயி, வெளியில நின்னுட்டு வந்த பொண்ணு! எட்டாவது வரைக்கும் இதே ரோதனை."

தாம்பூலத் தட்டு வந்தது. இந்த முறை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நமக்கு மீசை முளைக்கிறது. வேலை கிடைக்கிறது. பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்கிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பது யார்? அதே மூன்றாம் வகுப்புப் பையன்! முனிரத்தினம் இன்னும் எழுந்து நிற்கிறான். நான் இன்னும் சிலேட்டை அழித்துக்கொண்டிருக்கிறேன். அவன் இத்தனை நாளாகத் தேடியது குணத்தை மாற்றிவிடுகிற பெண்ணை அல்ல, அந்தக் குணத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த பெண்ணை. எனக்கு?... பார்க்கலாம்.

பெண் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கீழே நண்பர்கள் வரிசையில் என் பெயர். பக்கத்தில் எம்.ஏ.! மெட்ராஸ் வரைக்கும் போகிற பத்திரிகை. நான் பி.ஏ.தான் என்று எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 'பத்திரிகை அருமை' என்று கார்டு போட்டுவிட்டேன்.

நேற்று அதே வீட்டிலிருந்து இன்னொரு பத்திரிகை வந்திருக்கிறது. எம்.ஏ.வை அடித்து, மேலே நீல மையில் பி.ஏ. என்று திருத்தியிருக்கிறது.

முனிரத்தினத்தின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். இது அவனுடையது அல்ல!