மணல் உதிராத நெத்திலி

பக்கத்து வீட்டு வாணலியில் நெத்திலிக் கருவாடு பொரிகிறது. மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள், நான் திறக்கிறேன். உப்பும் வெயிலும் சேர்ந்து வறுபடும் அந்த வாசனை, கேட்காமலே என்னைக் கோட்டைப்பட்டினத்துக் கரையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு அங்கே முதல் டீச்சர் வேலை. எதிர்வீடு லாத்தாவுடையது. அந்தத் தெருவில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்; அவரை ஊரே அப்படி அழைத்தது. கணவர் இறந்தபின் கருவாட்டு வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தினார். அவரை நம்பி ஒரு கூட்டம் பெண்கள் கரையில் மீன் காயவைத்தார்கள். ஓலைப்பாயில் கட்டிய சிப்பங்கள் தோணி ஏறிக் கொழும்புக்குப் போகும்.

அந்தக் கடலைத் தூரம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கரையிலும் இதே பேச்சு, இதே குழம்பு. பிறகு நடுவில் ஒவ்வொன்றாக முளைத்தன: பெர்மிட், முத்திரை, சோதனை. ஒருநாள், போன சிப்பங்கள் போனபடியே திரும்பி வந்தன. கொழும்புத் துறைமுகத்தில் அதிகாரிகள் வெள்ளைத் துணி விரித்துக் கருவாட்டை உதறினார்களாம். மணல் விழுந்ததாம்.

"வரி கேட்டாக் கட்டிட்டுப் போயிரலாம் டீச்சர். மணலுக்கு என்னத்தக் கட்டுறது?" என்றார் லாத்தா. இன்னொரு முறை திரும்பினால் இனி உங்கள் சரக்கே வேண்டாம் என்று கொழும்பு முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண்களின் அடுப்பு அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

திரும்பி வந்ததையெல்லாம் பெண்கள் கடலில் அலசி மணல் போக்கினார்கள். அலசிய கையோடு, பழக்கதோஷம், அதே மணலில் பரப்பிக் காயவும் போட்டுவிட்டார்கள்! வந்து பார்த்த லாத்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது அவர் கண், கம்பில் உலர்ந்துகொண்டிருந்த பழைய நெத்திலி வலையில் நின்றது.

மறுநாள் கரையெங்கும் சவுக்குக் கம்புகள். காற்றடித்தால் மணல் முழங்கால்வரை பறக்கும். அதனால் லாத்தா வலைகளை நெஞ்சுயரத்தில் இழுத்துக் கட்டினார். கீழே காற்று, மேலே வெயில், நடுவில் வெள்ளி வெள்ளியாக மீன்.

"என்ன லாத்தா, மீனுக்குக் கல்யாணப் பந்தலா?" வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் சீண்டினார்.

"ஆமா! மாப்பிள்ள கொழும்புல இருக்காரு. பொண்ணு மேல மண்ணு ஒட்டியிருந்தா வேணாங்குறாரு!"

"பாவம், ஒரே வலையில ரெண்டு தடவ மாட்டுது," என்றாள் மீன் பரப்பியவள்.

சிப்பம் கட்டுமுன் லாத்தா தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியையே தரையில் விரித்தார். ஒவ்வொரு கூடையையும் அதில் கொட்டி உதறினார். ஒரு மணி மணல் தெரிந்தாலும் கூடை மறுபடி வலைக்குப் போனது. அக்கரை அதிகாரியை வாய் ஓயாமல் திட்டினார். திட்டிக்கொண்டே அவரைவிடக் கடுமையான அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். அந்த வாயையும் அந்தக் கையையும் ஒருசேரப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

தோணி போனது. கரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த தண்டல், தோணியை ஓட்டுகிறவர், கரை தட்டுமுன்பே கத்தினார்: "லாத்தா! ஒரு பொட்டு மணல் இல்ல! இன்னும் கேக்குறாக!"

பெண்கள் குலவையிட்டார்கள். லாத்தா மட்டும் துப்பட்டியை எடுத்து உதறி, ஒன்றும் நடக்காதது போலப் போர்த்திக்கொண்டார்.

அந்த வருஷமே எனக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல். பஸ் புறப்படும் நேரம் லாத்தா ஓட்டமாக வந்து, ஜன்னல் வழியே ஓலைப் பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்தார்.

"உதறிப் பாருங்க டீச்சர். மணல் இருந்தாத் திருப்பி அனுப்புங்க."