பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அலோர் காஜா கிளினிக்கிலிருந்து நர்ஸ் சரஸ்வதி போன் செய்தார்.

"அண்ணே, லேபிள்ல என்ன போட்டு வச்சிருக்கீங்க? டாக்டர் எழுதினது அஞ்சு மில்லி, மூணு வேளை. லேபிள்ல ஒம்பது மில்லி, அஞ்சு வேளையாம். எஸ்டேட் ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்குற கிராணி போன்ல படிச்சுக் காட்டினாரு. ஒம்பது வயசுப் புள்ள. நேத்து மத்தியானத்துலேருந்து குடுத்திருக்காங்க. இப்ப எழுப்பினா எழும்ப மாட்டேங்குதாம். தூக்கிட்டு வரச் சொல்லிட்டோம்."

என் மகளுக்கும் அப்போது ஒன்பது வயது. இனி ஒரு லேபிளும் அடிக்க வேண்டாம், இந்த வாரம் மருந்து வாங்கிப்போன மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

கிளினிக் சிஸ்டத்தை விற்றது கோலாலம்பூரில் ஒரு கம்பெனி. அதோடு சேர்ந்து ஓடும் சின்னப் புரோகிராம்களை எங்களைப் போன்ற வெளி ஆட்கள் எழுதினோம். மருந்து லேபிளைத் தமிழில் அடிப்பது என்னுடையது. அதைக் காட்டித்தான் கம்பெனி தோட்டப்புறக் கிளினிக்குகளைப் பிடித்தது.

அந்த வாரம் புது வெர்ஷன். பெயர், வயது, அளவு, வேளை என்று பிரித்துக் காட்டிய கமாவை எடுத்துவிட்டுச் சாய்கோடு போட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்தது ஒரு பக்கக் கடிதமும் ஒரு மாதிரிக் கோப்பும்தான். மாதிரியில் எல்லாம் மலாய், சீனப் பெயர்கள். நானும் அதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

நம் பெயர்களில்தான் நடுவே, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கமாக 'ஏ/எல்', 'ஏ/பி' வரும். 'தேவி ஏ/பி முனியாண்டி' இரண்டாக உடைந்தது. எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போய், அளவின் இடத்தில் வயதும் வேளையின் இடத்தில் அளவும் உட்கார்ந்துகொண்டன. என் அடையாள அட்டையிலேயே அந்தக் கோடு இருக்கிறது. எனக்கும் உறைக்கவில்லை.

கிளினிக்கிலிருந்து கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டேன். அவரும் தமிழர்தான்.

"எங்க சிஸ்டம் ஓகே லா. லேபிள் நீங்க எழுதினது. வெளி ஆளு புரோகிராமுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

"விளம்பரத்துல 'எங்கள் தமிழ் லேபிள்'னு போட்டீங்களே சார், அப்ப நான் எந்த ஆளு?"

"அது மார்க்கெட்டிங் லா."

அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. வெளி ஆட்களின் யோசனையில் வளர்கிற கம்பெனி, எதையும் மாற்றுமுன் அவர்களைக் கேட்க வேண்டும். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: அவர்கள் கொடுக்கிற மாதிரியை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பெயர்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

பத்தரைக்குத் தோட்டத்து வேன் வந்து நின்றது. தேவியை அவள் அம்மா தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். டாக்டர் கன்னத்தைத் தட்டினார். இரண்டாம் முறை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். மூச்சு சரியாக இருக்கிறது, மயக்கம் தெளியும்வரை இங்கேயே படுக்கட்டும் என்றார் டாக்டர்.

லேபிள் புரோகிராம் எழுதியவன் நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"மத்த கிளினிக்ல இங்கிலீசுல இருக்கும், கிராணிகிட்ட கேட்டுட்டுத்தான் குடுப்பேன்" என்றார். "இது தமிழ்ல இருந்துச்சு. அதான் யாரையும் கேக்கல."