மகளுக்குப் பதிலாகத் தின்ற லட்டு

என் மகளுக்கு உடம்பு பெருத்துப்போனது. பிள்ளை பிறக்காததற்கு அதுதான் காரணமென்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு. மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. இளைத்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். சித்தூரிலிருந்து அவளைத் திருப்பதிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டித் தைத்தார்கள்.

தைத்த இடம் ஓரமாகக் கசிந்தது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. வாய் வழியாக ஒரு கம்பிவலைக் குழாயை இறக்கி, ஓட்டையை உள்பக்கமாக மறைத்தார்கள். ஸ்டென்ட் என்றார்கள்.

"ஓட்டை ஆறுற வரைக்கும் வாயில ஒன்னும் வைக்காதீங்கம்மா. மறுபடி கசிஞ்சா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

மூக்கில் விட்ட டியூப் வழியாகத்தான் ஆகாரம். வெடித்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைப்பேன். அவள் அந்தப் பஞ்சை உறிஞ்சப் பார்ப்பாள். அவள் எதிரில் நான் எதுவும் தின்றதில்லை. வராந்தாக் கோடியில் இட்லியை விழுங்கி, வாய் கொப்பளித்துவிட்டு வருவேன்.

ஒருநாள் சம்பந்தியம்மா மலையிலிருந்து நேராக வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. கையில் லட்டு.

"வாயத் தொற கண்ணு, சாமி பிரசாதம்."

"டாக்டரு ஒன்னும் குடுக்கக் கூடாதுன்னாரு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"துளிதான், சம்பந்தி. ஒன் பொண்ணுக்கோசரம் முடி குட்த்துட்டு வந்துகிறேன். சாமிய வாணாம்னுவியா?"

பெண்ணைக் கொடுத்தவள் எதிர்த்துப் பேசுவதில்லை. பிரசாதத்தை யாரும் வேண்டாமென்பதுமில்லை. மகள் வாயைத் திறந்துவிட்டாள். பசியா, பயமா, தெரியாது.

நான் குறுக்கே புகுந்து சம்பந்தியம்மாவின் கையை இழுத்து, அந்தத் துளியை என் வாயில் வைத்துக்கொண்டேன். மீதியையும் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றேன்.

"அவளுக்குப் பதிலா நான் துன்றேம்மா. சாமிக்குத் தெரியும்."

அறையெல்லாம் நெய் வாசனை. மகள் திறந்த வாயை மூடாமல் என்னையே பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு பாக்கப் பாக்கத் துன்றியே, நீயும் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டுச் சம்பந்தியம்மா எழுந்து போனார். அப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மாப்பிள்ளையின் போனும் நின்றது.

கம்பிவலைக் குழாய் ஒருமுறை தானாக நழுவியது. மறுபடி இறக்கினார்கள். கடைசியில் அதை எடுத்துவிட்டு, வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். கசியவில்லை.

அன்று ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். பாதி வழிந்தது. மீதியை மெதுவாக விழுங்கினாள்.

"அன்னிக்கு அந்த லட்டு நல்லா இருந்துச்சாம்மா?"

"ருசியே தெரியலடி" என்றேன்.

அவள் நம்பவில்லை.