சிரிக்காமல் கேட்க ஓர் ஆள்

ரோய்சாவின் கைகள் ஹைட்லா அத்தையின் கால் நகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. வெந்நீரில் ஊறவைத்தும் பெருவிரல் நகம் மாட்டுக் கொம்பாகவே இருந்தது.

"ஆட்டாதீங்க அத்தை. விரல் போனா என்னைக் கேக்கக் கூடாது."

"போனா போகட்டும்டி. இனிமே நான் யாரு கல்யாணத்துல ஆடப் போறேன்?"

போலந்தின் சுரங்க ஊரான லிப்பினியின் செங்கல் வீடுகளில் படுத்துக் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படுக்கை மாற்றுவது ரோய்சாவின் வேலை. வயது அறுபதைத் தாண்டியும் படியேற மூச்சு வாங்காது. யாரையும் பார்த்துப் "பாவம்" என்று சொல்லமாட்டாள். உச்சுக் கொட்டினால் முதுகுப் புண் ஆறாது என்பது அவள் கட்சி. மீதி நேரத்தில் நாவல் எழுதுகிறாள், சைலீசியப் பேச்சிலேயே. எழுதியதை நோயாளிகளிடம்தான் வாசித்துப் பார்ப்பாள். அவர்களால் எழுந்து ஓட முடியாதே.

அந்த ஊரில் பள்ளிக்கும் தேவாலயப் பூசைக்கும் போலிஷ். சமையலுக்கும் சண்டைக்கும் சைலீசியம். இப்போது சிலர் அதில் கதை, நாடகம் என்று எழுதத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அச்சில் அதைப் பார்த்தாலே ஊருக்குச் சிரிப்பு முந்திக்கொள்ளும். அந்தப் பேச்சில் துணுக்கு மட்டுமே படித்துப் பழகியவர்கள். தன் நாவலின் சாவுக் காட்சியை ஓர் ஆளாவது சிரிக்காமல் கேட்க வேண்டும், ரோய்சாவுக்கு அவ்வளவுதான் ஆசை. பதிப்பாளருக்கு அந்த அத்தியாயம் மட்டுமே பாக்கி.

நகம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். சாகக் கிடக்கும் சுரங்கத் தொழிலாளியிடம் மனைவி சொல்கிறாள்: "என் உசுரு வெளக்கே, வானத்துல எனக்காகக் காத்துக்கிட்டு இருய்யா."

சிரித்த சிரிப்பில் ஹைட்லாவுக்குப் பல்செட் நழுவியது. "உசுரு வெளக்காம்! நிலக்கரி வெட்டுறவனுக்கு! அடியே, நம்ம பேச்சுல எவடி இப்படிக் கொஞ்சுவா? சாவுக்குன்னு சாமியாரோட போலிஷ் பேச்சு இருக்குல்ல?"

ரோய்சா பல்செட்டைக் கழுவிக் கொடுத்தாள். முகம் மட்டும் சிவந்திருந்தது. "உங்க வீட்டுக்காரரு ரிஹாட் மாமா சாகறப்ப நீங்க சாமியார் பேச்சா பேசினீங்க?"

"அந்த மனுசன்கிட்டயா?" ஹைட்லா சன்னல் பக்கம் திரும்பினாள். "திட்டினேன். 'எங்கய்யா கெளம்பிட்ட, கழுதை? பூண்டு சூப்பு அடுப்புல இருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ'ன்னேன். குடிக்கல."

ரோய்சா தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"அதை எழுதிக்கட்டுமா அத்தை?"

"எழுதிப் பாரு. கையை ஒடிச்சிருவேன்."

"சரி," என்றாள் ரோய்சா. காலுறையை மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை ஹைட்லாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, நாற்காலியில் உட்கார்த்திய பிறகு பையிலிருந்து தாளை எடுத்தாள். அதில் 'உசுரு வெளக்கு' போயிருந்தது; 'வானமும்' போயிருந்தது.

"வாசிக்கறேன். முடிச்சப்புறம் ஒடிங்க."

வானொலியில் காலைப் பூசை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட அத்தைக்குப் பொறுக்காது. ரோய்சா அடங்கிய குரலில் தொடங்கினாள். "எங்கய்யா கெளம்பிட்ட, கழுதை?" என்ற இடம் வந்தது. ஹைட்லா சிரிக்கவில்லை. குருவானவர் பாதி ஜெபத்தில் இருக்கும்போதே கையை நீட்டி வானொலியை அணைத்தாள்.