மருந்தக்கா கேட்ட எட்டு நிமிடம்

பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருடம் நேரம் குறித்த மனிதருக்கு, ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே வீட்டில் பொழுது நகர மறுத்தது. மனைவி எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறார், எத்தனை மணிக்குத் துணி காயப்போடுகிறார் என்பதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைக்க ஆரம்பித்தார். மனைவி பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்கேருந்து பஸ் எதுவும் கிளம்பப் போறதில்லை. வெளியில ஒரு வேலை பாத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அப்படித்தான் அவர் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் பந்தை அடிக்கும் இடத்துக்கு அங்கே முதல் டீ என்று பெயர். அதன் பக்கத்தில் ஒரு மரக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், அன்றைய ஆட்டக்காரர்களின் பட்டியல். நான்கு நான்கு பேராக, எட்டு நிமிடத்துக்கு ஒரு குழுவை ஆட அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"முதல் டீக்குப் பக்கத்துல உட்காரணுமாம்" என்று அவர் வீட்டில் வந்து சொன்னபோது, "அப்ப ரெண்டாவது டீ யாரு போடுவாங்க?" என்று மனைவி உண்மையாகவே கேட்டார்.

அவருக்கே முதல் வாரம் எல்லாம் தலைகால் புரியவில்லை. ஒருவர் கூண்டுக்கு வந்து, "இன்னிக்கு என் டிரைவர் சரியில்லை, இடது பக்கமே போகுது" என்று அலுத்துக்கொண்டார். "குடிச்சிருக்கானா பாருங்க" என்றார் இவர். நீளமான மட்டைக்குத்தான் டிரைவர் என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. அந்தச் சிரிப்பு மைதானம் முழுக்கச் சுற்றிவந்தபோது அவர் பழைய வேலையும் கூடவே சுற்றிவந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான்.

ஆனால் வேலையில் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. ஏழு மணி எட்டு நிமிடம் என்றால் சரியாக அந்த நிமிடத்தில் அந்தக் குழுவின் முதல் பந்து பறந்தாக வேண்டும். டாக்டர் வந்தாலும் சரி, நீதிபதி வந்தாலும் சரி, பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்றியதில்லை. கிளப் செயலாளர் ஒருமுறை கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அதற்குப் பிறகு பிடி இன்னும் இறுகிப்போனது.

வியாழக்கிழமைகளில் மருந்தக்கா வருவார். கடைத்தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமான பிறகு, பரணில் கிடந்த அவருடைய மட்டைகளைத் தூக்கிப் போட மனசு வராமல், தானே ஆடக் கற்றுக்கொண்டவர். கடைக்கு வியாழன்தான் விடுமுறை. ஏழு மணி ஆட்டத்துக்கு ஆறு பத்துக்கே வந்துவிடுவார்.

வந்ததும் பந்தைத் தொடமாட்டார். முதலில் புல்வெளியைச் சுற்றி இரண்டு நடை. பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக முன்னும் பின்னும் ஆட்டுவார். கைகளைச் சின்ன வட்டமாக ஆரம்பித்துப் பெரிய வட்டமாகச் சுற்றுவார். மட்டையைத் தோள்களுக்குக் குறுக்கே வைத்து, இடுப்பை அங்கும் இங்கும் திருப்புவார். அதன் பிறகுதான் குட்டை மட்டையில் அரை வீச்சு. அப்புறம் முக்கால் வீச்சு. டிரைவரைக் கையில் எடுக்கும்போது ஆறு ஐம்பது ஆகியிருக்கும். மற்றவர்கள் காரிலிருந்து இறங்கி, கொட்டாவி விட்டுக்கொண்டே நேராக வந்து முதல் பந்தை அடிக்கிறவர்கள். "டிரில் டீச்சர் வந்தாச்சு" என்று கேலி செய்வார்கள். மருந்தக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு சுற்றைக்கூடக் குறைக்கமாட்டார்.

டைம்கீப்பர் ஒருமுறை கேட்டார். "இவ்வளவு எதுக்கு மேடம்? நாலு பந்து அடிச்சா உடம்பு தானா சூடாயிடாதா?"

"நாள் முழுக்க கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிற உடம்புண்ணா. மழையில கெடந்த இரும்பு கேட் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா ஆட்டித்தான் திறக்கணும். ஒரே தள்ளா தள்ளினா கீல் கழண்டு கையில வந்துடும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. பணிமனையில் விடியற்காலையில் வண்டியை உறுமவிட்டு, சூடேறிய பிறகே கிளப்பும் நல்ல ஓட்டுநர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, வியாழக்கிழமை காலையில் கூண்டின் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

இரண்டு பேருக்கும் நடுவில் மனத்தாங்கல் வந்தது ஒரு மாத்திரையால்.

சில வாரங்களாக அவருக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு மாலை மருந்துக்கடைக்குப் போய்த் தூக்க மாத்திரை கேட்டார். மருந்தக்கா தலையை ஆட்டினார். "சீட்டு இல்லாம தர முடியாதுண்ணா."

"நான் என்ன முன்னப்பின்ன தெரியாத ஆளா மேடம்?"

"தெரிஞ்சவர்ங்கறதாலதான் சொல்றேன். உங்களுக்கு பிரஷர் மாத்திரை வேற ஓடிட்டிருக்கு. ரெண்டும் ஒத்துக்குமான்னு டாக்டர்தான் சொல்லணும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க."

சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் கடையில் நின்றிருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கெஞ்சிக் கேட்டு இல்லை என்று சொல்லப்பட்ட ஆள் போல அவர் வெறுங்கையோடு படியிறங்கினார். வீடு வரும்வரை முகம் சுண்டிப்போயிருந்தது. டாக்டரையும் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன் கிளப்பில் போட்டி நாள். ஆறு பத்து ஆனது, ஆறரை ஆனது, மருந்தக்காவைக் காணோம். ஆறே முக்காலுக்கு, மருந்தக்காவின் குழுவுக்கு அடுத்த குழுவிலிருந்து, ஒருவருக்கொருவர் மைத்துனர்களான இரண்டு பேர் கூண்டுக்கு வந்தார்கள். "எங்க ஆளுங்க நாலு பேரும் ரெடி. முன்னாடி யாராவது லேட்டானா எங்களை அனுப்பிடுங்க. மத்தியானம் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்." டைம்கீப்பர் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

ஆறு ஐம்பத்து நான்குக்கு மருந்தக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வழியில் ஸ்கூட்டர் பஞ்சராகி, பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கைகள் கறுத்திருந்தன.

"அண்ணா, ஒரே ஒரு உதவி. பின்னாடி இருக்கிற குழுவை எங்களுக்கு முன்னாடி அனுப்புங்களேன். எட்டு நிமிஷம் போதும். கை காலை ஆட்டிக்கிட்டு வந்துடறேன். எங்க செட்ல எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்க."

டைம்கீப்பர் பட்டியலைப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"பின்னாடி யாரும் இன்னும் ரெடியா இல்லை மேடம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க கடையில சீட்டு மாதிரிதான். எனக்கு இந்த லிஸ்ட்டு."

மருந்தக்கா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நடந்துகொண்டே இரண்டு தடவை கையைச் சுற்றினார். அதற்குள் ஏழு மணி. டைம்கீப்பர் குழுவை அழைத்தார்.

வீச்சு பார்க்க எப்போதும்போலத்தான் இருந்தது. பந்தும் நேராகத்தான் போனது. மட்டை மேலே போய் முடிந்த இடத்தில் மருந்தக்கா அப்படியே நின்றார். இடது கை கீழே வரவில்லை. வலது கையால் அதைப் பிடித்து, மெதுவாக இறக்கிக்கொண்டார். கூட ஆடியவர் என்னவென்று கேட்டதற்கு, "பிடிச்சிருக்கு, நடந்தா விட்டுடும்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். போட்டி நாளில் பாதியில் விட்டுப் போனால் கூட ஆடுகிறவர்களின் ஆட்டமும் கெடும் என்று ஏழாவது குழி வரை அந்தத் தோளோடு ஆடியிருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. இடது முழங்கையை வலது கையால் தாங்கியபடி கூண்டைத் தாண்டிப் போனபோது, "ஒண்ணுமில்லண்ணா" என்று மட்டும் சொன்னார். டைம்கீப்பர் எழுந்து வெளியே வரவில்லை. அடுத்த குழுவுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

அடுத்த வியாழன் மருந்தக்கா வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று கூட ஆடுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். "நாங்க கேலி பண்ணினாலும் அந்தம்மா செஞ்சதுதான் சரி. ஒரு நாள் விட்டாங்க, பாருங்க என்னாச்சுன்னு" என்றார் ஒருவர். ஒரு நாள் விட்டார்களா, விடவைக்கப்பட்டார்களா என்பது அந்த இடத்தில் டைம்கீப்பர் ஒருவருக்குத்தான் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, மனைவியின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மேல் மூன்று தட்டுகளும் காலியாக இருந்தன. அவற்றில் இருந்தவையெல்லாம் அட்டைப் பெட்டிகளில் தரையில் இறங்கியிருந்தன. மருந்தக்காவின் இடது கை மார்பு உயரத்துக்கு மேல் போகவில்லை.

"இப்ப எப்படி இருக்கு மேடம்?"

"பரவாயில்லண்ணா. தலை சீவத்தான் கஷ்டம். முடியைக் குறைச்சுக்கிட்டேன்."

"எப்ப ஆட வர்றீங்க?"

"இனிமே எங்க. மட்டையெல்லாம் மறுபடியும் பரணுக்குப் போயிடுச்சு. ஏத்திவைக்கக்கூட ஆள் வச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். டைம்கீப்பரால் சிரிக்க முடியவில்லை. "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க, லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் மருந்தக்கா. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் டைம்கீப்பர் சொல்லவந்ததைச் சொல்லியிருப்பார். மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு அவருடைய வியாழக்கிழமைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. செயலாளரிடம் போய், தாமதமாக வருகிறவர்களுக்காகக் காலையில் இரண்டு இடம் காலியாக விடலாமா என்று கேட்டுப் பார்த்தார். "நீங்களா இப்படிக் கேக்கறீங்க?" என்று செயலாளர் வியந்தார், இடம் தரவில்லை. யாராவது காரிலிருந்து இறங்கி நேராக டிரைவரைத் தூக்கினால், "சார், கையைக் கொஞ்சம் சுத்திட்டு அடிங்க" என்று கூண்டிலிருந்து குரல் கொடுப்பார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டைம்கீப்பருக்கு வயசாயிடுச்சு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. ஒரு மாலை, கடை சாத்துகிற நேரம் இல்லை, கூட்டமும் இல்லை, அவர் கடை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "மேடம், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். பின்னாடி இருந்த செட்டு ரெடியாத்தான் இருந்தாங்க. அவங்களே வந்து கேட்டாங்க. மாத்திரை தரலைங்கற கோபத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

மருந்தக்கா ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"தெரியும்ணா" என்றார். "அந்த மைத்துனருங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தாங்க. பேச்சுவாக்குல சொன்னாங்க."

"அப்பவேவா?"

"அப்பவே."

"ஏன் மேடம் என்னைக் கேக்கலை?"

"கேட்டா நீங்க ஏதாவது ஒரு பதில் வச்சிருப்பீங்க. நீங்களா வந்து சொல்வீங்களான்னு பாத்தேன். முதல் தடவை சீட்டோட வந்தீங்கல்ல, அன்னிக்குச் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஒவ்வொரு மாசமும் நெனச்சேன். போன வருஷத்தோட நெனக்கிறதை விட்டுட்டேன்."

குரலில் சூடு இல்லை. அதைத்தான் டைம்கீப்பரால் தாங்க முடியவில்லை. பெரியவர் ஒருவர் சொட்டு மருந்து கேட்டு உள்ளே வந்தார். மருந்தக்கா அவரைக் கவனிக்கப் போனார். டைம்கீப்பர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றரை வருடத்தில் அன்றுதான் அவரிடமும் சொல்கிறார். மனைவி முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார்.

"மன்னிச்சிட்டாங்களா?"

"அதைப் பத்திப் பேச்சே வரலை."

"அவங்க சொல்லலையா, நீங்க கேக்கலையா?"

அவர் யோசித்துப் பார்த்தார். மருந்தக்காவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார், காரணத்தைச் சொல்லியிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை மட்டும் வாயில் வந்ததாக ஞாபகம் இல்லை. "நான் கேக்கலை" என்றார். மனைவி தட்டை எடுத்துவைத்துவிட்டு, "நாளைக்குப் போங்க" என்றார்.

மறுநாள் போனார். கடையில் கூட்டம். அதற்கு அடுத்த வாரம் போனார். மருந்தக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவை மருந்தக்கா தனியாகத்தான் இருந்தார். "சொல்லுங்கண்ணா, என்ன வேணும்?" என்று, வருகிற எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டார். டைம்கீப்பர் இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.