ஈய முனைத் தோட்டா

ஒஸ்லோவில் என்னோடு பேருந்து ஓட்டிய யாழ்ப்பாணத்து மனிதர் அவர். ஒல்லியானவர், முகத்தில் சிரிப்பே இராது. இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போவார். ஒருமுறை தோட்டா வாங்க என்னையும் கூட்டிச் சென்றார். ஒவ்வொரு தோட்டாவின் ஈய முனையையும் நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்.

“இது உள்ளுக்கை போய் விரியும். மான் கனதூரம் ஓடாது,” என்றார்.

“பாவமெல்லே அண்ணை?”

“விரியாத குண்டு துளைச்சுக்கொண்டு வெளியிலை போயிடும். ஊரிலை சண்டைக்குள்ளை என்ரை தம்பிக்குப் பட்டது அப்பிடித்தான். மூண்டு நாள் என்ரை மடியிலை கிடந்து கத்தித்தான் செத்தவன்.”

பெட்டியை மூடினார்.

“சுட்டவனிட்டை இது இருந்திருந்தா அவன் உடனை போயிருப்பான்.”

அந்த வருடம் அவர் தந்த இறைச்சியை என்னால் சமைக்கவும் முடியவில்லை. எறியவும் மனம் வரவில்லை.