போனில் பார்த்தால் எப்படி இருக்கும்?

எல்இடி சுவர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் சார்?" அது டி.வி. இல்லை ஐயா. கேபினெட் என்கிற சின்னச் சின்னத் திரைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டுகிற சமாசாரம். சுவர் தாங்கினால் எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் கட்டலாம். அடுத்த கேள்வி, "பிரைட்னெஸ் எப்படி?" கடைக்காரர் அதைத்தான் முழுசாக ஏற்றிக் காட்டி மயக்குவார். மண்டபத்துக்குள் அதில் கால்வாசி போதும். மிஞ்சினால் முன்வரிசைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

இத்தனை வருஷத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் ஒரே ஒருவர். எஸ்தர் ராணி என்ற நர்ஸ். அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது, தேவை இருந்தது. நான் அவர் கேள்வியைச் சிரித்துத் தள்ளினேன்.

ஒக்லா ஷோரூம்

மத்திய அரசில் ஒலி-ஒளிப் பிரிவில் டெக்னிக்கல் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். டெல்லியில் சரோஜினி நகர் பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்புக்கு ஒரு மண்டபம் உண்டு. மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொடுத்தேன்.

டெமோ பார்க்க ஒக்லாவில் ஒரு ஷோரூமுக்கு மூன்று பேர் போனோம். நான், கமிட்டி உறுப்பினரான எஸ்தர், செயலாளர் வைத்தியநாதன். வைத்தியநாதன் அண்டர் செக்ரெட்டரியாக இருந்தவர். கூட்டம் என்றால் போன் சட்டைப்பையைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது அவர் சட்டம். ஷோரூமையும் அவர் கூட்டமாகத்தான் நினைத்தார். எஸ்தர் போனை எடுத்ததுமே, "சிஸ்டர், போன் உள்ள. பார்க்க வந்த வேலையை ஜல்தி பார்ப்போம்" என்றார்.

எஸ்தர் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார். "அண்ணே, இத போன்ல பாத்தா எப்படி இருக்கும்?"

"நேர்ல உக்காந்து பாக்கத்தான் இவ்வளவு பெரிய ஸ்கிரீன் வைக்கிறோம் சிஸ்டர். போன்ல பாக்கிறதுக்கு போனே போதுமே!"

வைத்தியநாதன் சிரித்தார். தமிழ் தெரியாத கடைக்காரரும் வியாபாரத்துக்காகச் சேர்ந்து சிரித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் எஸ்தர் காரணத்தைச் சொன்னார். அவருடைய அம்மா மார்த்தாண்டத்தில் இருக்கிறார். டெல்லிக்கு வந்ததே இல்லை. மகள் நர்ஸ் வேலைக்குப் போனது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை.

"பீ மூத்திரம் அள்ளத்தான் டெல்லிக்குப் போனியான்னு இன்னைக்கும் கேக்கா அண்ணே. ரிட்டையர்மென்டுக்கு இங்க எனக்கு விழா வைக்கப் போறாவள்லா? என்னைய மேடையில இருத்தி நாலு பேரு மரியாதையா பேசுதத அவ ஒருக்கா பாக்கணும். அம்மைக்கு இப்ப கண்ணும் மங்கல், ஓர்மையும் வந்து வந்து போவுது. மொகம் பெருசா தெரிஞ்சாத்தான் நான்னு தெரியும்."

"கவலையே படாதீங்க. நம்ம ஸ்கிரீன்ல உங்க முகம் ஆள் உயரத்துக்குத் தெரியும். அம்மா அசந்துடுவாங்க" என்றேன்.

ஆட்டோவில் அத்தனையும் கேட்டவன் நான். கேட்டும், அந்த அம்மா பார்க்கப் போவது திரையை இல்லை, திரையைப் பார்க்கும் போனை என்று எனக்கு உறைக்கவில்லை.

மாட்டுகிற வேலை

வேலையில் நான் குறை வைக்கவில்லை. புள்ளிக்குப் புள்ளி உள்ள இடைவெளிக்கு பிட்ச் என்று பெயர். முன்வரிசை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து அதற்கேற்ற பிட்ச் எடுத்தேன். தனி மின் லைன் இழுக்கவைத்தேன். இரும்புச் சட்டத்தை நூல் பிடித்துப் பார்த்து, இரண்டு முறை அவிழ்த்து மாட்டச் சொன்னேன். ஒரு கேபினெட் துருத்திக்கொண்டிருந்தாலும் படத்தில் கோடு விழும். ஃபிட்டர், "சார்ஜி, ஆப் தோ மார் டாலோகே" என்று தலையில் அடித்துக்கொண்டார். உயிரை எடுக்கிறேனாம்.

ரெஃப்ரெஷ் ரேட்டில் மட்டும் கீழே இருந்ததை எடுத்தேன். எல்இடி விளக்கு தொடர்ந்து எரிவதில்லை, நொடிக்குப் பல தடவை அணைந்து அணைந்து எரிகிறது. அந்த வேகம்தான் ரெஃப்ரெஷ் ரேட். வேகம் குறைவாக இருந்தாலும் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஏன் கூடுதல் விலை என்று நினைத்தேன். கமிட்டியும் என் சிக்கனத்தை மெச்சியது.

பாராட்டு விழா

எஸ்தர் பச்சைப் பட்டு கட்டி வந்திருந்தார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து, "சிஸ்டர் வார்டில் இருந்தால் நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று ஹிந்தியில் பேசினார். மண்டபத்து வீடியோ கேமரா எஸ்தரின் முகத்தைப் பிடித்துத் திரையில் காட்டியது. சபை கைதட்டியது. நான் பின்னால் நின்று, முகத்தைவிடப் படத்தின் தெளிவைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசைகள் விருந்தினருக்குப் போய்விட்டதால் எஸ்தரின் மகன் ஜெபின் கடைசி வரிசையில் இருந்தான். மார்த்தாண்டத்துக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்திருந்தான். அந்தப் பக்கம் அவன் மாமா, எஸ்தருடைய அம்மாவின் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்திருந்தார். ஜெபின் என்னைப் பார்த்துக் கையசைத்தான். "அங்கிள், யே க்யா ஹோ ரஹா ஹை? என்ன இது, ஸ்கிரீன்ல ஏதோ ப்ராப்ளம்."

திரையில் ஒரு கோளாறும் இல்லை. அவன் போனில் பார்த்தேன். எஸ்தரின் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. விளக்கு அணைந்து அணைந்து எரிவதில் கண் பார்க்காததைப் போன் கேமரா பார்த்துவிட்டது.

போனிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. "எதுக்கு மக்ளே ஒன்ன கம்பிக்குள்ள நிறுத்தியிருக்காவ?"

மாமா ஏதோ சமாதானம் சொன்னார். அந்த அம்மா கேட்பதாக இல்லை. "எம் பிள்ள என்ன தப்பு செஞ்சா? அவள விட்டுரச் சொல்லு. வீட்டுக்கு அனுப்பிரச் சொல்லு" என்று அழத் தொடங்கினார். ஜெபின் சட்டென்று போனை அணைத்தான். மேடையில் அப்போதுதான் எஸ்தருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் கடைசி வரிசையைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்.

அதன் பிறகு

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மண்டபத்து வீடியோ கேமராவின் பதிவு பளிச்சென்று இருந்தது. அதிலிருந்து ஒரு வயரை லேப்டாப்புக்கு இழுத்து அப்படியே அனுப்பியிருக்கலாம், திரையே தேவைப்பட்டிருக்காது. பதிவை பென் டிரைவில் போட்டு எஸ்தரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன செய்வீய அண்ணே" என்று வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர் அங்கிருந்து கூப்பிட்டார். அதுவரை அம்மா தெருவில் எல்லாரிடமும், மகளை டெல்லியில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அழுதுகொண்டிருந்தாராம். இவர் போய் நின்றதும் விட்டுவிட்டார்கள் என்று கட்டிக்கொண்டாராம். பிறகு டி.வி.யில் பதிவைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறார்.

"முழுசும் பாத்தா அண்ணே. டாக்டர் பேசினது, சால்வ போட்டது, எல்லாம். பாத்துட்டு ஏங்கிட்ட கேக்கா, இந்த அம்மா யாரு மக்ளே, பெரிய உத்தியோகக்காரி போலிருக்கேன்னு."

சொல்லிவிட்டு எஸ்தர் சிரித்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவுதான். பிட்சைப் பாருங்கள், லோடைப் பாருங்கள், சட்டத்துக்கு நூல் பிடியுங்கள். அதற்கெல்லாம் முன்னால், யார் பார்க்கப் போகிறார்கள், எங்கிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். யாராவது உங்களைக் கேள்வி கேட்டால், ஏன் கேட்கிறார் என்று யோசியுங்கள்.

இப்போது எந்த டெமோவுக்குப் போனாலும் முதலில் போனை எடுத்து எஸ்தருக்கு வீடியோ கால் போட்டுத் திரைக்கு நேராகப் பிடிக்கிறேன். போன மாதமும் அப்படித்தான். "தெளிவா இருக்கு அண்ணே, கோடே இல்ல" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அம்மை இருந்தா காட்டியிருக்கலாம்" என்றார்.